முதல் கவளம்

மழைக்காலக் கொந்தளிப்பு அடங்கிய ஒரு காலையில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கரையில் போய் நின்றால், சிப்பி எடுப்பவர்கள் கரையேறுவதைப் பார்க்கலாம். இடுப்பில் வலைப்பை, கையில் உளி மாதிரி ஓர் இரும்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட நீர்க்கண்ணாடி. அலை அறையும் பாறைகளில் மூச்சடக்கி முங்கிப் பெயர்த்தெடுத்த சிப்பிகள் பைக்குள் கறகறக்கும். வடகேரளத்தில் கல்லும்மக்காய் என்பார்கள். அங்கே பச்சைநிறம் மிகுதி. திருவனந்தபுரத்தில் கிடைப்பது பழுப்பு, பெயரும் வெறும் சிப்பிதான். கொல்லம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை பாறைக்கரைகளில் மண்டிக் கிடக்கும் பெர்னா இண்டிகா என்ற இனம் அது. மிளகும் தேங்காயும் சேர்த்து வறட்டினால் இன்னொரு கவளம் சோறு கேட்கும். ஆனால் இந்த அத்தியாயத்தில் அதை நாம் சமைக்கப்போவதில்லை. பச்சையாக, ஓட்டோடு, ஒரு மீன் தொட்டிக்குள் வைக்கப்போகிறோம்.

என் முதல் கடல்நீர்த் தொட்டி நாலடி நீளம். நீரின் உப்பு, வெப்பம், பாறை, பாக்டீரியா என்று முந்தைய அத்தியாயங்களில் சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒரு சிவப்புவால் வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கி வந்தேன். உள்ளங்கை அகலம். பழுப்பு உடம்பில் செதிலுக்குச் செதில் வெளிர் விளிம்பு, கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை, வாலில் சிவப்பு. இந்தியாவின் தென்கரையோரப் பாறைகளில் சோடி சோடியாகத் திரியும் மீன்தான். ‘எது போட்டாலும் தின்னும்’ என்றார் கடைக்காரர். ஆறு நாள் அது எதையும் தின்னவில்லை. ஃப்ளேக் போட்டேன், பார்த்தது. பெல்லட் போட்டேன், வாய்வரை வந்து திரும்பிப் போனது. உறைய வைத்த இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். ஒரு துண்டை வாய்க்குள் இழுத்து, மறு நொடியே துப்பியது. ஏழாம் நாள் அதன் தலைக்குப் பின்னால், முதுகுத் தசை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

விழிஞ்ஞத்தில் சிப்பி எடுக்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அந்தக் கரையில் பேசும் மலையாளத்தில் பாதி நம் தமிழ்தான். கடலடிப் பாறைத் திட்டுக்கு அவர்களும் ‘பார்’ என்றே சொல்கிறார்கள். “அது தின்னாணுள்ளதுன்னு அதுக்கு அறியண்டே?” என்று கேட்டார். தின்னக் கூடியது என்று அதற்குத் தெரிய வேண்டாமா? பையிலிருந்து நாலு சிப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

மீன் வளர்ப்பு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், மீன் எந்த நிலையில் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பட்டினி நம் தொட்டியில் தொடங்குவதில்லை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆய்வு மையம் 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல் மீன்கள், 1,471 இனங்களைச் சேர்ந்தவை, தொட்டிகளுக்காக விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. இந்த வணிகம் சிறிய அளவில் 1930களிலேயே தொடங்கிய இடங்களில் ஒன்று நம் பக்கத்து இலங்கை. பிடிப்பவர், சேர்த்து வைப்பவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் என்று ஒரு மீன் ஐந்து கை மாறலாம். ஒவ்வொரு கை மாறும்போதும் பொதி கட்டுவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் இரையை நிறுத்திவிடுவார்கள். அதில் கொடுமை இல்லை, கணக்குதான் இருக்கிறது: வயிறு நிறைந்த மீன் பைக்குள் கழிந்தால் அந்த இரண்டு லிட்டர் தண்ணீரே அதற்கு நஞ்சாகிவிடும். ஆனால் ஐந்து கையிலும் இரண்டிரண்டு நாள் என்றால் கூட்டிப் பாருங்கள். இடையில் யாராவது இரை போட்டிருந்தாலும் அது தின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

பைக்குள் நடக்கும் வேதியியலையும் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் நல்ல எண்ணத்தோடு மீனைக் கெடுப்பவர்கள் அதிகம். மூடிய பைக்குள் மீன் மூச்சுவிட விடக் கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.எச். இறங்குகிறது. செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவும் கூடவே சேர்கிறது. ஆனால் பி.எச். இறங்கிய நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற, தீங்கு குறைந்த வடிவத்தில்தான் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு பறக்கிறது, பி.எச். ஏறுகிறது, அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறுகிறது. நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘பழகட்டும்’ என்று இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை ஊற்றுபவர், பழக்குவது அம்மோனியாவுக்குத்தான். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்த பிறகு தாமதிக்காமல், உப்புச் செறிவு ஒத்த நீருக்கு மீனை மட்டும் மாற்றிவிடுங்கள். செவுள் வெந்த மீனிடம் பசியை எதிர்பார்க்க முடியாது.

இனி மீனின் உடம்புக்குள். கடல் மீனின் இரத்தத்திலுள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதைச் சுற்றியுள்ள கடல் ஓயாமல் அதன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தண்ணீருக்குள் வாழ்ந்தும் தாகத்தோடு வாழும் பிறவி. அது கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுளிலுள்ள தனிச் செல்கள் வழியே வெளியே தள்ளுகிறது. இந்தத் தள்ளலுக்கு நாள் முழுதும் ஆற்றல் செலவாகிறது. பயந்த மீனில் அட்ரினலின் பாய்ந்து செவுளுக்கு இரத்த ஓட்டம் கூடும். ஆக்சிஜன் கூடுதலாக வரும், கூடவே தண்ணீர் இழப்பும் கூடும். வலையில் மாட்டி, வாளியில் கிடந்து, பையில் குலுங்கி வந்த மீனின் உடம்பு இந்தக் கணக்கைச் சரிசெய்வதிலேயே மூழ்கியிருக்கிறது. மன அழுத்தத்தின்போது மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் சி.ஆர்.எஃப். என்ற வேதிப்பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது: பசியை அணைக்கிறது. தங்கமீனிலும் டிரவுட்டிலும் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதை மீனின் மூளையும் ஒருவகையில் கடைப்பிடிக்கிறது.

அதனால்தான் முதல் நாள் இரை போட வேண்டாம் என்கிறேன். விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பொந்து கிடைத்து, இருட்டில் ஓர் இரவு கழிந்தால் பாதி மருந்து கொடுத்தது மாதிரி. தொட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘தின்றதா, தின்றதா’ என்று பார்த்துக்கொண்டிருப்பவரைத்தான் அந்த மீன் முதலில் கவனிக்கிறது. பெரிய உருவம், இரண்டு கண், அசையாமல் பார்க்கிறது. கடலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பயம் தணிந்த பிறகும் தின்னவில்லை என்றால்? இங்கேதான் விழிஞ்ஞத்துப் பெரியவரின் கேள்வி வருகிறது.

நாம் உணவு என்பதைப் பொருளாக நினைக்கிறோம். இறால் என்றால் இறால். முழுசாக இருந்தாலும், பொடியாக இருந்தாலும், தட்டில் இருந்தாலும், சட்டியில் இருந்தாலும் இறால்தான். பாரில் வாழும் மீனுக்கு அப்படி இல்லை. அதற்கு இரை என்பது ஒரு நிகழ்ச்சி. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட விதமாக அசைந்து, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட வாசனையோடு வருவதுதான் இரை. இதில் இரண்டு மூன்று அம்சம் குறைந்துபோனால், ஊட்டச்சத்து எத்தனை இருந்தாலும் அது மீனுக்குக் குப்பை. வண்ணத்துப்பூச்சி மீன் தலைமுறை தலைமுறையாகப் பாறையிடுக்கைக் கொத்தியே வாழ்ந்தது. பவளப் பூச்சியின் நுனி, குழாய்ப்புழுவின் கொண்டை, கடற்புழு, எல்லாமே பாறையோடு ஒட்டியவை. மேலிருந்து மழை மாதிரி விழும் பெல்லட்டை அது எந்த அனுபவத்தைக் கொண்டு இரை என்று முடிவுசெய்யும்? நேர்மாறாக, டாம்செல் மீன்கள் நீரோட்டத்தில் மிதந்துவரும் மிதவை உயிர்களை ஒன்றொன்றாகக் கவ்விப் பழகியவை. விழுவது எதையும் முதலில் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் யோசிக்கும். கடையில் எல்லாரும் டாம்செல்லைப் பரிந்துரைப்பதன் இரகசியம் இதுதான். கிளாத்தியோ கேட்கவே வேண்டாம். விழிஞ்ஞத்தில் குவியல் குவியலாக வந்திறங்கும் அந்த மீன் இரையையும் தின்னும், இரை போடும் விரலையும் பதம் பார்க்கும்.

சிங்க மீனுக்கு அசைவுதான் எல்லாம். செத்த இறால் அதன் மூக்கு முன்னால் விழுந்தாலும் அதற்கு அது கல். அதே இறாலை மெல்லிய குச்சியின் முனையில் குத்தி, துள்ளித் துள்ளி ஓடுவதுபோல் ஆட்டிக் காட்டினால், செட்டைகளை விரித்துக்கொண்டு வந்து லபக்கென்று விழுங்கும். சில நாள் இப்படி ஆட்டினால் பிறகு குச்சியைக் கண்டாலே வரும். சிங்க மீனுக்காகப் பதறவும் வேண்டியதில்லை. 12 வாரத்துக்கு மேல் பட்டினி கிடந்தும் அது உயிர் வாழும் என்று லெவ் ஃபிஷெல்சன் என்ற ஆய்வாளர் 1997இல் பதிவுசெய்திருக்கிறார். பதுங்கிப் பிடிப்பவை அப்படித்தான்: ஒருநாள் விருந்து, பத்துநாள் விரதம். நாள் முழுதும் கொறிப்பவையோ ஒரு வாரத்தில் உருக்குலைந்துவிடும். ‘என் மீன் ஐந்து நாளாகத் தின்னவில்லை’ என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது என்ன மீன் என்பதைத்தான். பதுங்கிப் பிடிக்கும் அஞ்சாலையாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு மெதுவாகப் பேசலாம். வண்ணத்துப்பூச்சி மீன் என்றால் உடனே எழுந்து சிப்பி வாங்கப் போக வேண்டும்.

சிப்பியில் அப்படி என்ன இருக்கிறது? முதலாவது, வாசனை. சிப்பிச் சதையில் கிளைசின், பீட்டெய்ன் போன்ற சிறு மூலக்கூறுகள் நிறைய. அவை நீரில் சட்டென்று கரைந்து பரவும். மீன்களின் பசியைத் தூண்டும் பொருள்கள் எவை என்று தேடிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவைதாம். இரண்டாவது, அது பாறையிடுக்கில் இருக்கிறது. ஓட்டைப் பிளந்து, சதை ஒட்டிய பாதியைப் பாறையிடுக்கில் செருகினால், கொத்தித் தின்னும் மீனுக்குத் தன் கடலிலிருந்து ஒரு துண்டு வந்துவிட்டது. மூன்றாவது, சதை ஓட்டோடு பிணைந்திருப்பதால் இழுத்துப் பிய்க்க வேண்டியிருக்கிறது. அந்த எதிர்ப்பு, மீனின் வாய்க்குப் பழக்கமானது.

என் சிவப்புவால் அன்று மாலை வரை சிப்பியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாய் வைக்கவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் ஓட்டுக்குள் பாதிச் சதை இல்லை. நண்டு ஏதாவது தின்றிருக்குமோ என்று சந்தேகம். இரண்டாவது சிப்பியைச் செருகிவிட்டு, இந்தத் தடவை அறைக் கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். கொத்தியது. பின்வாங்கியது. மறுபடி கொத்தியது. துப்பியது. துப்பியதையே மறுபடி கவ்வியது. துப்புவதைக் கண்டு மனம் தளர்ந்துவிடுபவர்களுக்கு ஒரு செய்தி: வாயில் போட்டுத் துப்பும் மீன் ருசி பார்க்கிறது. அதன் சுவை மொட்டுகள் வாய்க்குள்ளும் தொண்டையிலும் இருக்கின்றன. பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் மீனைவிட அது பல படி முன்னால் நிற்கிறது.

சிப்பியில் இரண்டு எச்சரிக்கை. பச்சைச் சதை இந்த ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். தின்னாத மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும். அடுத்து, சில வகைச் சிப்பிகளிலும் மத்தி, நெத்தலி இனங்களிலும் தையாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். மாதக்கணக்கில் அதை மட்டுமே போட்டால் மீனுக்கு நரம்புக் கோளாறு வரும். சிப்பி என்பது மீனைப் பந்திக்கு அழைத்து வரும் ஆள். பந்தியில் அது மட்டுமே பரிமாறப்படக் கூடாது.

பந்தியை எப்படி மாற்றுவது? சிப்பி ஓடு மீனுக்குப் பழகிவிட்டதா, அதே ஓட்டையே தட்டாக்கிவிடுங்கள். காலி ஓட்டில் நறுக்கிய சிப்பியோடு கொஞ்சம் நறுக்கிய இறாலைப் பிசைந்து அப்பி வையுங்கள். நாலு நாள் கழித்து இறால் கூடட்டும், சிப்பி குறையட்டும். பிறகு கணவாய், பிறகு ஊறவைத்த பெல்லட்டை நசுக்கிச் சேர்ப்பது. இடம் மாறவில்லை, வாசனை முழுதும் மாறவில்லை, உள்ளடக்கம் மட்டும் மெல்ல மாறுகிறது. கைக்குழந்தைக்குப் பருப்புச் சோறு பழக்கும் பாட்டிகளுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவும் அப்படித்தான். பட்டினியில் குடலின் உட்சுவர் மெலிந்து போயிருக்கும். முதல் நாளே வயிறு புடைக்கப் போடாமல், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

புல் மேய்பவற்றுக்கு வேறு வழி. ஓராவும், சர்ஜன் மீன் இனங்களும் பாறைப்பாசியைக் கரண்டி வாழ்பவை. கோவளத்துப் பாறைகளில் ஏற்ற இறக்கக் கோட்டில் படர்ந்திருக்கும் பச்சைப் பாசி, கடற்கீரை என்கிறோமே அந்த உல்வா, அதை அலசி ஒரு கல்லில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி அடியில் வைத்தால், பெல்லட்டைத் திரும்பியும் பார்க்காத மீன் மேயத் தொடங்கும். சாக்கடை கலக்கும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஜப்பானியர் சோற்றுருண்டைக்குச் சுற்றும் நோரித் தாளும் ஆகும், உப்பு மசாலா சேர்க்காததாக இருந்தால்.

நடுநீரில் மேயும் சிறு மீன்களுக்கு உயிருள்ள ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் இந்தச் சிற்றுயிரின் காய்ந்த முட்டை, உப்புநீரில் காற்றுக் குமிழ் விட்டால் ஏறத்தாழ ஒருநாளில் பொரிந்துவிடும். துடித்துத் துடித்து நீந்தும் அதன் அசைவை மறுக்கும் மீன் குறைவு. ஆனால் பொரிந்த சில மணி நேரத்தில் கரு உணவு தீர்ந்து, அது ஊட்டம் குறைந்த வெறும் அசைவாகிவிடும். கடல் மீன்களால் டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்ற நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தேவையான அளவுக்குத் தாமே தயாரிக்க முடியாது. இரையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். ஆர்ட்டீமியாவில் இவை சொற்பம். வளர்ந்த ஆர்ட்டீமியாவை மட்டுமே போட்டு, ‘நன்றாகத் தின்றது, ஆனாலும் மூன்று மாதத்தில் செத்துவிட்டது’ என்பவர்களின் மீன் உண்மையில் தின்றுகொண்டே பட்டினி கிடந்திருக்கிறது.

பூண்டைப் பற்றிக் கேட்பீர்கள். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் எந்த மீனும் தின்னும் என்ற நம்பிக்கை உலகம் முழுதும் மீன் வளர்ப்பாரிடம் இருக்கிறது. கடல் வண்ணமீன்களில் அதை உறுதியாக நிறுவிய சான்று எதையும் நான் பார்த்ததில்லை. கெடுதலும் பெரிதாக இல்லை. பூண்டு ரசம் வைத்தது போக மிச்சம் இருந்தால் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதற்காகத் தனிப் புட்டி வாங்க வேண்டாம்.

இரை சரியாக இருந்தும் தின்னாத மீனைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாம் முதலில் வாங்கிவிட்ட டாம்செல்கள் இப்போது அந்தத் தொட்டியின் பழைய குடித்தனக்காரர்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளம்தான். ஆனால் பாரில் தன் முழங்கை அகல நிலத்தை, பத்து மடங்கு பெரிய மீனிடமிருந்தும் காத்துப் பழகியது. புதிய மீன் பொந்தைவிட்டு வரும்போதெல்லாம் விரட்டும். இரை நேரத்தில் இன்னும் மும்முரமாக விரட்டும். துளையிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே மாட்டி, புது மீனை ஒரு வாரம் அதற்குள் வைப்பது நல்ல ஏற்பாடு. அடி விழாது, இரை பறிபோகாது. கூடவே இன்னொன்றும் நடக்கும். பெட்டிக்கு வெளியே பழைய மீன்கள் பெல்லட்டைப் பாய்ந்து பாய்ந்து தின்பதைப் புது மீன் பார்க்கிறது. பாரில் மீன்கள் இரையிடம் எங்கே என்பதைப் பிற மீன்களைப் பார்த்தே பல நேரம் தெரிந்துகொள்கின்றன. விரட்டிய ரவுடியே வாத்தியாராகிவிடுவதும் உண்டு.

சில மீன்களுக்கு எந்த வித்தையும் பலிக்காது. அவற்றை வாங்காமல் இருப்பதே வித்தை. லட்சத்தீவுப் பவளப் பார்களில் காணப்படும் கீட்டோடான் ட்ரைஃபேசியாலிஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மீன் ஏறக்குறைய அக்ரோபோரா பவளத்தை மட்டுமே தின்னும். அந்தப் பவளம் வெளுத்துச் செத்தால் கடலிலேயே அது பட்டினிதான். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் கில் என்ற பெயரில் தப்பிக்கத் திட்டம் போடுமே, அந்த மூரிஷ் ஐடல் கடற்பஞ்சு மேய்வது; தொட்டிகளில் உண்ணா நோன்பிருந்து சாவதில் பேர்பெற்றது. படம் எடுத்தவர்கள் பொருத்தமான மீனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாண்டரின் மீன் பகல் முழுதும் பாறையில் கோப்பிபாட் என்ற துளி உயிர்களைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும். சின்னத் தொட்டியில் அவை சில வாரத்தில் தீர்ந்துவிடும். மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று அலெக்சாண்ட்ரா க்ரட்டர் 1996இல் கணக்கிட்டார். எட்டு மீன் உள்ள தொட்டியில் 1,200 ஒட்டுண்ணிக்கு எங்கே போவது? கடல்குதிரையைப் பற்றி இரை யோசனையே தேவையில்லை. 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இடம்பெற்றது. யாராவது விற்க வந்தால் வாங்குவது குற்றம்.

இவ்வளவு பாடும் கடலில் பிடித்த மீனுக்குத்தான். தொட்டியிலேயே பிறந்த மீனுக்குப் பெல்லட்தான் தாய்வீட்டுச் சமையல். அப்படிப் பிறக்க வைக்கும் வேலை சிப்பி எடுக்கும் அதே விழிஞ்ஞத்தில், அந்தப் பாறைகளிலிருந்து கூப்பிடு தொலைவில் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையத்தில் ஜி. கோபகுமாரும் அவருடைய சகாக்களும் 1999இல் ஒரு கோமாளி மீன் இனத்தை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்த விவரத்தை வெளியிட்டார்கள். அடுத்து டாம்செல்கள் பக்கம் திரும்பினார்கள். அங்கே அவர்களும் நம் பிரச்சினையில்தான் முட்டிக்கொண்டார்கள்: மீன் தின்னவில்லை.

கோமாளி மீனின் முட்டை பெரிது. ஏழெட்டு நாள் கழித்து இருட்டியபின் பொரிந்து வரும் குஞ்சுக்குக் கண்ணும் வாயும் தயார். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை உடனே தின்னத் தொடங்கிவிடும். டாம்செல் குஞ்சு குறைப்பிரசவம் மாதிரி. முதல் இரை எடுக்க வேண்டிய நாளில் அதன் வாய்ப் பிளவு ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள். ரோட்டிஃபர் அதற்குப் பெரிது. உடம்பில் ஒட்டியிருக்கும் கருவுணவு தீர்வதற்குள் முதல் கவளம் கிடைக்காவிட்டால், பிறகு கிடைத்தாலும் பிடித்துத் தின்னும் தெம்பு இருக்காது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே இரவில் செத்து அடியில் வெள்ளையாகப் படியும்.

விடை அந்தக் கடலிலேயே இருந்தது. யூட்டெர்பினா, சூடோடையாப்டோமஸ் என்ற இரண்டு கோப்பிபாட் வகைகளை நுண்பாசியால் பச்சையாக்கிய நீரில் முதலில் பெருகவிட்டு, அதே தொட்டிக்குள் மீன்குஞ்சுகளை விட்டார்கள். கோப்பிபாட்டின் குஞ்சு ரோட்டிஃபரைவிடச் சிறிது. கடலில் மீன்குஞ்சு முதன்முதலில் சந்திக்கும் அதே துள்ளல் நடை அதற்கு, டி.எச்.ஏ. கொழுப்பும் இயல்பாகவே அதில் நிறைந்திருக்கிறது. இரை வளரும் வேகத்தில் மீனின் வாயும் வளர்ந்தது. 2009இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. யானை விலைக் கருவி எதுவும் இல்லை. குஞ்சு எதை இரை என்று அறியுமோ அதை, அது அறியும் விதத்தில் முன்னால் வைத்தார்கள். சிப்பிக்காரப் பெரியவரின் கேள்விக்கு மைக்ரான் அளவிலான பதில் அது.

விழிஞ்ஞம் மையத்தோடு சேர்ந்த சாகரிகா கடல்மீன் காட்சியகத்துக்குத் திருவனந்தபுரம் நகரிலிருந்து பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான். கோவளத்துக்கு வருகிறவர்கள் கலங்கரை விளக்கத்தோடு திரும்பிவிடாமல் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். இரை போடும் நேரமாக இருந்தால் எந்த மீன் மேலே வருகிறது, எது நடுநீரில் காத்திருக்கிறது, எது பாறையை விட்டு நகரவே இல்லை என்று கவனியுங்கள். இந்த அத்தியாயம் முழுதும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

என் சிவப்புவால் மூன்றாவது வாரத்தில் ஓட்டில் அப்பிய பெல்லட்டைத் தின்றது. இரண்டு மாதத்தில் மிதக்கும் பெல்லட்டுக்கும் வந்துவிட்டது. சிப்பி ஓடு மட்டும் அந்த இடுக்கிலேயே கிடந்தது. வெறும் ஓட்டையும் தினம் ஒருமுறை போய்க் கொத்திப் பார்க்கும்.

நீங்கள் கடல் மீன் வாங்கப் போகும்போது நிறத்தையும் விலையையும் பிறகு பாருங்கள். முதலில் கடைக்காரரிடம், “அண்ணே, இதுக்குக் கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் தின்றால் வாங்குங்கள். ‘காலையிலதான் போட்டேன், வயிறு ரொம்பி இருக்கு’ என்றால், ‘சரி, நாளைக்கு வரேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.